ருபார்ப்பை மாங்காய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்

மாசி பிறந்தால் டெல்லியில் எங்கள் மயூர் விஹார் மொட்டைமாடித் தொட்டிகளில் ருபார்ப் தண்டு பறிக்கத் தயாராகிவிடும். பங்குனி முடிகிற வரை அதுதான் எங்கள் வீட்டுப் புளிப்பு. சித்திரை வெயில் எட்டிப் பார்த்ததும் இலையெல்லாம் துவண்டு செடி சுருண்டுவிடும், அவ்வளவுதான். ஆக ஏழெட்டு வாரம், வாரத்துக்கு அரைக் கிலோ தேறினால் அதிகம். இவ்வளவு கொஞ்சமாகக் கிடைக்கிற பொருளை முதல் வருஷம் நான் பாதிக்குப் பாதி வீணாக்கினேன், கேக் கொழகொழத்தது, ஜாம் இறுகவே இல்லை, ஒரு முறை இரும்பு வாணலியில் வைத்துக் கறுப்பாக ஒரு கூழ் வந்தது. நீங்களும் அதே வழியாகப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு, அதைப் பழம் என்று நினைத்தது. குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகள் எல்லாம் அதைப் பழம் போலத்தான் நடத்தும். 1947-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துச் சுங்க நீதிமன்றம்கூட, இறக்குமதி வரிக் கணக்குக்காக இதைப் பழம் என்றே தீர்ப்புச் சொல்லியது. ஆனால் அது தண்டு. சுக்கான் கீரை தெரியுமில்லையா, அந்தக் குடும்பம்தான். கீரையின் புளிப்பும் செலரித் தண்டின் நாரும் சேர்ந்த ஒரு பொருள், எடையில் கிட்டத்தட்ட 94 சதவீதம் தண்ணீர், தனக்கென்று இனிப்பு கிட்டத்தட்ட கிடையாது. இப்படிப்பட்ட ஒன்றை நம் சமையலறையில் வைத்தால் அதற்குப் பக்கத்தில் உட்காருவது ஆப்பிள் இல்லை, கிளிமூக்கு மாங்காய். மாங்காய் பச்சடி, மாங்காய்த் தொக்கு, மாங்காய்ப் பருப்பு செய்கிற கைக்கு ருபார்ப் ரொம்பச் சுலபம். மாங்காயை விட சீக்கிரம் கரையும், அதிகம் தண்ணீர் விடும், இந்த இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

டெல்லியில் எப்படி வளர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: குளிர்நாடுகளில் இது வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் செடி, பனிக்காலத்தில் தூங்கி வசந்தத்தில் எழும். நம் வெயில் அதைப் பிழைக்க விடாது என்பதால் ஒரு பருவச் செடியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். செப்டம்பர் கடைசியில் விதையை ஒரு நாள் ஊற வைத்து நிழலில் நாற்று விட்டு, தீபாவளி சமயத்தில் ஓரடி ஆழமாவது உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள், மக்கிய சாணம் நிறைய, தண்ணீர் தேங்காமல். விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. என்னுடையதில் இரண்டு செடிக்கு அடித்தண்டு மட்டும் சிவப்பு, மிச்சமெல்லாம் பச்சை. படத்தில் பார்க்கிற ரத்தச் சிவப்பு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், சிவப்பு அதிகமானால் இனிப்பு அதிகம் என்பது கண் செய்கிற ஏமாற்று. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் இருட்டுக் கொட்டகையில் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுவடை செய்வார்கள், அது இளஞ்சிவப்பாக, நார் இல்லாமல் இருக்கும், 2010-ல் ஐரோப்பியப் புவிசார் பெயர்ப் பாதுகாப்புகூட வாங்கியிருக்கிறது. நம் மாடித் தண்டு அது மாதிரி இருக்காது. குழம்புக்கு எதற்கு மெழுகுவத்தி.

பறிப்பது: தண்டு விரல் கனத்துக்கு வந்து முழங்கை நீளத்தை நெருங்கும்போது, அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் அடிப்பட்டையோடு வந்துவிடும். கத்தியால் வெட்டினால் மிச்சக் கட்டை அழுகும். ஒரு செடியில் நாலைந்து இலையையாவது விட்டு வையுங்கள். பங்குனிக் கடைசியில் மட்டும் எல்லாவற்றையும் உருவிக்கொள்ளலாம், எப்படியும் போகப்போகிறது.

இப்போது முக்கியமான விஷயம். இலை விஷம். பார்க்கச் சேப்பிலை மாதிரி பெரிசாக, பளபளவென்று இருக்கும், மாடி வீட்டு குஜராத்தி அக்கா பார்த்ததும் பாத்ரா (சேப்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைப்பது) செய்யலாமே என்று கேட்டுவிட்டார், நான் அலறிவிட்டேன். இலையில் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புகளான ஆக்ஸலேட்டும் அதிகம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் காய்கறி தட்டுப்பாடு வந்தபோது இதைக் கீரையாகச் சாப்பிடலாம் என்று சொல்லப்போய் ஆட்கள் விஷமேறிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது. பறித்த இடத்திலேயே இலையை நறுக்கித் தள்ளிவிடுங்கள், தண்டின் மேல்நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து. உரக்குழியில் போடலாம், மக்கிவிடும். தெருவில் வரும் மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் ஆகாது. தண்டிலும் ஆக்ஸலேட் உண்டு, இலையை விடக் குறைவு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் பரிமாற வேண்டாம். மற்றவர்கள் தயிரோடோ பாலாடையோடோ சாப்பிட்டால் நல்லது, கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பாட்டியிடம் போனில் இந்தச் செடியைப் பற்றிச் சொன்னபோது, "அது ரேவல்சின்னிடி, பேதிக்குன்னா குடுப்பா!" என்றாள். பாட்டி சொன்னது பாதி சரி. நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று விற்பது இதன் இமயமலைச் சொந்தக்காரனின் வேர். வேருக்குப் பேதி குணம், நாம் தின்பது வேறு வகையின் தண்டு. ஒரு காலத்தில் அந்த வேருக்காக ஐரோப்பா சீனாவை நம்பியிருந்தது. 1839-ல் சீன அதிகாரி லின் ஸெஷு விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் ருபார்ப்பும் இல்லாமல் உங்கள் ஆட்களால் ஒரு நாள் ஓட்ட முடியுமா என்கிற தொனியில் மிரட்டியிருப்பார். பாட்டிக்கு இதைச் சொன்னேன், சிரித்துவிட்டு, எதற்கும் கொஞ்சமாகவே சாப்பிடு என்றாள்.

பாத்திரம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், மண்சட்டி எல்லாம் சரி. அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம். இந்தப் புளிப்பு உலோகத்தை அரித்து ருசியையும் நிறத்தையும் கெடுக்கும். அடிப்பிடித்த அலுமினியச் சட்டியில் ருபார்ப் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டால் சட்டி பளபளவென்று ஆகும், அந்தப் பளபளப்பு எங்கே கரைந்து போனது என்று யோசித்தால் குழம்பை ஏன் அதில் வைக்கக்கூடாது என்பது புரியும்.

தண்டை உரிக்க வேண்டுமா என்றால், இளசு என்றால் வேண்டாம். கட்டைவிரல் கனத்தைத் தாண்டியதை நுனியில் கத்தி வைத்து இழுத்தால் நார் கயிறு மாதிரி வரும், அதை மட்டும் எடுத்தால் போதும். நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படைக் கூழ் செய்து பழகுங்கள், பாதிப் பலகாரத்துக்கு அதுவே போதும். அரைக் கிலோ தண்டை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி 120 கிராம் சர்க்கரை போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. திரும்பி வந்து பார்த்தால் அதன் தண்ணீரிலேயே மிதக்கும். அடுப்பைச் சிறுதீயில் வைத்து மூடாமல் எட்டு, பத்து நிமிஷம், ஒரு முறைக்கு மேல் கிளறாமல். ஐந்தாவது நிமிஷம் வரை ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் கரைந்து நூல் நூலாகிவிடும், மாங்காய் இப்படிச் செய்யாது. முழுசாக நிற்க வேண்டும் என்றால் ஏழாவது நிமிஷத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்தால் மிச்சம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். சர்க்கரை போதுமா என்பதை ஆறிய பிறகு ருசி பாருங்கள், சூட்டில் நாக்கு சரியாகச் சொல்லாது.

இன்னும் நல்ல வழி ஓடிஜியில், அதாவது மேஜை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவனில், சுடுவது. அதே அளவு தண்டு, 100 கிராம் சர்க்கரை, ஒரு கின்னு (கமலா ஆரஞ்சு மாதிரி) பழத்தின் சாறு, அதன் தோலின் ஆரஞ்சு பாகத்தை மட்டும் துருவியது. மாசியில் டெல்லித் தள்ளுவண்டியெல்லாம் கின்னுதான், விலையும் இறங்கியிருக்கும். அகலமான கண்ணாடித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அலுமினியத் தாள் படாமல் மேலே மூடி, 180 டிகிரியில் பதினைந்து நிமிஷம். துண்டுகள் துண்டாகவே நிற்கும், அடியில் பாகு தேங்கும். ஆறியதும் துண்டுகளை ஸ்ரீகண்டோடு சாப்பிடுங்கள். பாகைத் தூக்கிக் கொட்டிவிடாதீர்கள், சோடா ஊற்றி ஐஸ் போட்டால் பங்குனி மத்தியானத்துக்கு அதை விட நல்ல பானம் எனக்குத் தெரியாது. சூடான பாலிலோ கஸ்டர்டிலோ மட்டும் கலக்க வேண்டாம், திரிந்துவிடும். இரண்டும் ஆறிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடலாம்.

பேக்கிங்கில் தோற்றுப்போனவர்கள் கிரம்பிளில், அதாவது மேலே உதிரி மாவு தூவிச் சுடுவதில், ஆரம்பியுங்கள், கெட்டுப்போக இடமே இல்லை. அரைக் கிலோ துண்டில் 100 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவு, கொஞ்சம் துருவின இஞ்சி. சோளமாவு போடாவிட்டால் அடியில் ரசம் ஓடும். மேலே தூவ 75 கிராம் மைதா, 75 கிராம் ஓட்ஸ், 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெய், விரல் நுனியால் உதிர்த்துக்கொள்ளுங்கள், பிசைந்துவிட்டால் பிஸ்கட்டாகிவிடும். 180 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம், ஓரத்தில் சிவப்புக் குமிழி கொப்பளித்து வரும் வரை. பச்சைத் தண்டு என்றால் குமிழியும் காக்கி நிறம்தான், அது பிடிக்காவிட்டால் நாலு ஸ்ட்ராபெர்ரி நறுக்கிப் போடுங்கள், அந்தச் சமயத்தில் ஐஎன்ஏ மார்க்கெட்டில் நிறைய வரும். ஒரு வில்லை பீட்ரூட் போட்டுச் சமைத்து வெளியே எடுத்துவிடுவதும் உண்டு, ருசி தெரியாது, யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேக் கொஞ்சம் நுணுக்கம். நான் முதலில் தண்டை மாவோடு கலந்தேன், எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து, விட்ட தண்ணீரில் அடிப்பாகம் களியாகிவிட்டது. இப்போது செய்வது இப்படி: 190 கிராம் மைதா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் சலித்து வைத்துவிட்டு, 200 கிராம் கெட்டித் தயிரில் 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, 110 மில்லி வாசனை இல்லாத எண்ணெய், ஏலக்காய்ப் பொடி சேர்த்து அடித்து மைதாவில் ஊற்றி, கட்டி போகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். முட்டை கிடையாது, வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டுமே. 200 கிராம் தண்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்கி ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டி, எட்டு இன்ச் தட்டில் ஊற்றிய மாவின் மேல் தூவிவிடுங்கள், உள்ளே அழுத்த வேண்டாம், மாவு எழும்பும்போது அதுவே கொஞ்சம் இறங்கும். மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 175 டிகிரியில் 45 நிமிஷம், குச்சி குத்தும்போது தண்டு இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் வேகவில்லை என்று நினைத்துக் கருக்கிவிடுவீர்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதுதான்.

சரி, எனக்கு நிஜமாகவே பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். தொக்கு. அரைக் கிலோவைப் பொடியாக நறுக்கி, ஐந்து டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம், மஞ்சள் போட்டு தண்டைப் போட்டுவிடுங்கள். முதலில் குழம்பு மாதிரி ஆகி பயமுறுத்தும், அந்தத் தண்ணீர் சுண்டுகிற வரை மிளகாய்ப்பொடி போடக்கூடாது, போட்டால் அடிப்பிடித்துக் கருகும். சுண்டினதும் இரண்டு டீஸ்பூன் மிளகாய்ப்பொடி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது இறக்குங்கள். முழு அரைக் கிலோவும் ஒரு சின்னப் பாட்டிலில் அடங்கிவிடும். மாங்காய்த் தொக்கு மாதிரி மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிற தைரியம் எனக்கு இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுவோம். தயிர்சாதத்துக்கு இதுதான், ஆனால் பராட்டாவுக்கும் அடித்துக்கொள்ள ஆளில்லை, கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி பாட்டிலைத் திருப்பித் தரும்போது காலியாகத் தரமாட்டார், அவர் போட்ட காஜர் (கேரட்) ஊறுகாய் அதில் இருக்கும்.

பருப்பு செய்யும்போது ஒரே எச்சரிக்கை: துவரம்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துவிட்டுத்தான் தண்டைச் சேர்க்க வேண்டும். புளிப்பு இருந்தால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும், புளிச்சக்கீரைக்கும் இதே கதைதானே. ஒரு கப் பருப்புக்கு 150 கிராம் தண்டு, பச்சை மிளகாய், கடைசி ஐந்து நிமிஷம் போதும். நெய்யில் பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். ரசத்துக்குப் புளிக்குப் பதில் 100 கிராம் தண்டை வேகவைத்து வடிகட்டினால் நாலு பேருக்குக் காணும், தக்காளி வேண்டாம், மிளகைக் கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள்.

ஜாமுக்கு ஒரு கிலோ வேண்டும், ஒரே வாரத்தில் கிடைக்காது, அதனால் பறிக்கப் பறிக்க ஃப்ரீசரில் சேர்த்துவிடுகிறேன். கழுவி ஈரம் போகத் துடைத்து இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கி, முதலில் தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம் பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெந்நீரில் போட்டெடுக்கிற வேலையெல்லாம் தேவையில்லை. உறைந்த துண்டு கரைந்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும், அதனால் கரைய விடாமல் நேரே பாத்திரத்தில் போடுங்கள், ஜாமுக்கும் தொக்குக்கும் இது புதுசை விட வேகமாகக் கரையும், கேக்குக்கு மட்டும் ஆகாது. ஒரு கிலோவுக்கு 800 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சைச் சாறு, இரண்டு இன்ச் இஞ்சி நசுக்கித் துணியில் கட்டியது. ருபார்ப்பில் ஜாமை இறுக வைக்கிற பெக்டின் குறைவு, தானாக இறுகாது, எலுமிச்சை இல்லாமல் நான் செய்தது கடைசி வரை பாகாகவே இருந்தது. பிழிந்த விதையையும் அந்தத் துணியிலேயே கட்டிப் போடுங்கள், அதில் பெக்டின் இருக்கிறது. சர்க்கரை கரையும் வரை சிறுதீ, அப்புறம் பெருந்தீயில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் கொதி. ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும், தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி. அகலமான பாத்திரமாக எடுங்கள், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், இது பொங்கும். கொதிநீரில் போட்டெடுத்த, ஈரமில்லாத பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள்.

கடைசித் தண்டுகளை நான் வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வைத்திருப்பேன். ஏப்ரல் 14-க்குள் செடி பெரும்பாலும் முடிந்திருக்கும், முந்தின வாரமே பறித்து ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்கும். அந்த வாரம் எங்கள் தெருவில் வேம்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும், ஒரு கைப்பிடி பொறுக்கினால் போதும், கடையில் காய்ந்த வேப்பம்பூ தேட வேண்டாம். 250 கிராம் தண்டை மூன்று சென்டிமீட்டர் துண்டாக, இந்த முறை கொஞ்சம் பெரிசாகவே, அரை டம்ளர் தண்ணீரில் உப்பு, மஞ்சள் போட்டு நாலு நிமிஷம். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கெட்டிப் பாகாக்கி, 150 கிராம் வெல்லம் சரியாக இருக்கும், தண்டின் மேல் ஊற்றி அடுப்பை அணைத்துவிடுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, நெய்யில் கறுக வறுத்த வேப்பம்பூவை வாழையிலையில் பரிமாறும்போது மேலே தூவுங்கள். வெல்லம் ஊற்றிய பிறகு கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், பாத்திரத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், துண்டு உடைந்துவிடும்.